சம்பளம், வரி, சைல்ட் பெனிஃபிட்: ஒன்ராறியோவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகள் ஒன்ராறியோவில் வேலை செய்யும் குடும்பங்களுக்கானவை. வரி வீதங்கள் 2025ஆம் ஆண்டுக்குரியவை. சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குக் கனடா மத்திய அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) தொகைகள் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான காலத்துக்குரியவை. இரண்டுமே விலைவாசியைப் பார்த்து ஒவ்வொரு வருடமும் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான். தொகைகளைக் கிட்டத்தட்ட முழு எண்ணாகச் சொல்லியிருக்கிறேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒன்ராறியோ தரும் வரிக் குறைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. சதம் பிசகாத கணக்கு வேண்டுமென்றால் சிஆர்ஏயின் (கனடா வரித் திணைக்களத்தின்) இணையதளத்தில் கணிப்பான் இருக்கிறது.

சைல்ட் பெனிஃபிட் மொத்தம் எவ்வளவு? எல்லாருக்கும் ஒரே தொகையா?

இல்லை. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆகக் கூடியது வருடத்துக்கு 7,997 டொலர், அதாவது மாதம் 666. 6 முதல் 17 வயது வரை என்றால் 6,748, மாதம் 562. குடும்பத்தின் நிகர வருமானம் 37,487 டொலர் அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் இந்த முழுத் தொகை. அதற்கு மேலே போகப் போகக் குறையும்.

இதனுடன் ஒன்ராறியோ அரசு தரும் பிள்ளைகளுக்கான பெனிஃபிட்டும் சேர்ந்தே வரும். பிள்ளை ஒன்றுக்கு வருடம் 1,727 டொலர் வரை. தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஒரே வைப்பாக பேங்கில் விழுவதால் இரண்டு அரசுகளின் காசு இது என்பதே பலருக்குத் தெரியாது.

இப்போதைய திட்டம் 2016 ஜூலையில் வந்தது. அதற்கு முன்னால் மாதாமாதம் வந்த யூனிவர்சல் சைல்ட் கேர் பெனிஃபிட்டுக்கு வரி உண்டு. இப்போது வருவதற்கு வரி கிடையாது, ரிட்டர்னில் (வருடாந்த வரிப் படிவத்தில்) வருமானமாகக் காட்டவும் தேவையில்லை.

என் சம்பளம் 60,000. கையில் வருவது ஏன் 47,000?

பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) எடுத்துப் பாருங்கள். நாலு வெட்டு இருக்கும். சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) 5.95 வீதம், முதல் 3,500 டொலருக்குக் கிடையாது: 60,000க்கு சுமார் 3,360. ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி) 1.64 வீதம்: 984. சமஷ்டி (மத்திய அரசு) வருமான வரி சுமார் 5,640. ஒன்ராறியோ வரி, 600 டொலர் ஹெல்த் பிரீமியத்துடன் சேர்த்து, சுமார் 3,035. மொத்தம் 13,000. வேலையிட பென்ஷன், யூனியன் சந்தா, பற்காப்புறுதி ஏதாவது இருந்தால் கையில் வருவது இன்னும் குறையும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்குப் பிள்ளை இல்லை, மூன்று பிள்ளைகள், எதுவாக இருந்தாலும் இந்த வெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். கனடா பிள்ளைகளுக்கான உதவியைப் பெரும்பாலும் சம்பள வரியில் கழித்துக் கொடுப்பதில்லை. தனியாக, பெரும்பாலும் தாயின் கணக்குக்கு அனுப்புகிறது. அதனால் குடும்பத்தின் உண்மையான வருமானம் பே ஸ்டப்பில் தெரியாது. இரண்டு பேருடைய பே ஸ்டப்பையும் 20ஆம் தேதியை ஒட்டி வரும் வைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

பெனிஃபிட் எந்த வருமானத்தைப் பார்த்துக் குறைகிறது?

குடும்பத்தின் நிகர வருமானத்தைப் பார்த்து. ரிட்டர்னில் 23600 என்று இலக்கமிட்ட வரிசையில் உள்ள தொகை. கணவன், மனைவி இருவருடையதையும் கூட்ட வேண்டும். மொத்தச் சம்பளமும் இல்லை, கையில் வருவதும் இல்லை; ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம்), டே கேர் செலவு போன்றவற்றைக் கழித்த பின் வருவது. இந்த வேறுபாடுதான் கீழே ஆர்ஆர்எஸ்பி கேள்விக்கு விடை.

அப்புறம், காலம். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வருவது 2024 வருமானத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. போன வருடம் நன்றாக உழைத்தீர்கள், இந்த வருடம் ஜனவரியில் வேலை போய்விட்டது என்றால், காசு அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைந்த பெனிஃபிட்தான் வரும். அடுத்த ஜூலை வரை பொறுக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

குறைவது எவ்வளவு வேகமாக?

37,487இலிருந்து 81,222 வரை வேகமாக: ஒரு பிள்ளை என்றால் மேலதிக வருமானத்தில் 7 வீதம், இரண்டு பிள்ளை 13.5, மூன்று 19, நாலு அல்லது அதற்கு மேல் 23 வீதம். 81,222ஐத் தாண்டினால் மெதுவாக: முறையே 3.2, 5.7, 8, 9.5 வீதம்.

ஒன்ராறியோவின் பங்கு 26,364இலிருந்தே குறையத் தொடங்கிவிடும், 8 வீதமாக. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது 69,500 அளவில் முழுதாகத் தீரும். மூன்று பிள்ளை என்றால் 91,000 வரை இழுபடும்.

மனைவி வேலைக்குப் போனால் பெனிஃபிட் எல்லாம் போய்விடும், போகாமல் இருப்பதே மேல் என்கிறார்களே?

எந்தப் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நாலு வயதில் ஒன்று, ஒன்பது வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். கணவனுக்கு 60,000. மனைவி 35,000 டொலர் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறார். வருமானம் வருடத்துக்கு வருடம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மனைவி வீட்டில் இருந்தால்: கணவன் கொண்டுவருவது 47,000. மனைவிக்கு வருமானம் இல்லை என்பதால் கணவனுக்கு வரியில் சுமார் 2,900 டொலர் கழிவு கிடைக்கும், அதையும் கூட்டினால் 49,900. சைல்ட் பெனிஃபிட்டும் ஒன்ராறியோவின் பங்கும் சேர்ந்து 12,600. ஆக 62,500.

மனைவி போனால்: அவருடைய 35,000இல் சிபிபி, ஈஐ, வரி போகக் கையில் 29,000. கணவனின் 47,000 அப்படியே. ஆனால் அந்த 2,900 கழிவு இல்லை. குடும்ப நிகர வருமானம் 94,000 ஆவதால் பெனிஃபிட் 8,100 ஆகும், ஒன்ராறியோவின் பங்கு பூச்சியம். ஆக 84,100.

வித்தியாசம் 21,600 டொலர். 35,000 சம்பாதித்து வீட்டுக்குச் சேர்ந்தது 21,600. ஜிஎஸ்டி கிரெடிட்டும் (விற்பனை வரிக்காக மத்திய அரசு தரும் உதவி) ட்ரில்லியம் பெனிஃபிட்டும் (ஒன்ராறியோ தரும் உதவி) குறைவதை இதில் சேர்க்கவில்லை. அது இன்னும் ஆயிரம் டொலர் அளவைக் கொண்டுபோகலாம்.

சின்னவனை டே கேரில் விட வேண்டுமா? சமஷ்டி அரசின் திட்டத்தில் சேர்ந்த டே கேராக இருந்தால் 2025 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் ஒரு நாளைக்கு ஆகக் கூடியது 22 டொலர். வருடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம். அதற்கு வரிக் கழிவு கிடைப்பதால் உண்மையில் கையை விட்டுப் போவது நாலாயிரம் அளவு. இதையெல்லாம் கழித்த பிறகும் 16,000க்கு மேல் நிற்கிறது. திட்டத்தில் சேராத இடம் என்றால் கணக்கு வேறு. அங்கே ஒரு கைக்குழந்தைக்கு இதைப் போல மூன்று மடங்கு கேட்டாலும் ஆச்சரியப்படக் கூடாது. இரண்டு கைக்குழந்தைகள், திட்டத்தில் இடமும் இல்லை என்றால், பிறந்தநாள் வீட்டில் சொன்னவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மற்றப்படி இல்லை. பெனிஃபிட் முழுதாகப் போவதில்லை, 4,500 குறைகிறது. அதோடு அந்த 35,000 வேலையில் மனைவியின் பெயரில் சிபிபி சேருகிறது, ஈஐ தகுதி வருகிறது, ஆர்ஆர்எஸ்பி இடம் கிடைக்கிறது. ஐந்து வருடம் கழித்து வேலைக்குப் போக நினைக்கும்போது ரெஸ்யூமில் இடைவெளியும் இருக்காது.

ஓவர்டைம் செய்தால் முழுக்க வரியில் போகிறது என்பது உண்மையா?

இரண்டு விஷயம் இதில் கலந்து கிடக்கிறது.

முதலாவது, ஓவர்டைம் செய்த கிழமையின் பே செக்கில் வெட்டு அதிகமாகத் தெரிவது. அந்தக் கிழமையின் சம்பளம் வருடம் முழுக்க வருவதாக வைத்தே பேரோல் மென்பொருள் வரியைக் கணிக்கும். கூட வெட்டியதை ஏப்ரலில் ரிட்டர்ன் போடும்போது திருப்பித் தருவார்கள். நட்டம் இல்லை.

இரண்டாவது, யாருமே பே செக்கில் பார்க்காதது. மூன்று பிள்ளைகள், வீட்டில் ஒருவர் மட்டும் உழைக்கிறார், 50,000 டொலர். அவர் ஓவர்டைமில் 1,000 டொலர் கூடுதலாக எடுத்தால் வரியும் சிபிபியும் ஈஐயும் சேர்ந்து சுமார் 257 போகும். 743 கையில் வரும், சந்தோஷம். ஆனால் அடுத்த ஜூலையிலிருந்து சைல்ட் பெனிஃபிட் 19 வீதம், ஒன்ராறியோவின் பங்கு 8 வீதம், ஆக இன்னும் சுமார் 267 குறையும். கடைசியில் நிற்பது 475 டொலர். வருடத்துக்கு 2 லட்சம் உழைப்பவர் கூட தன் கடைசி ஆயிரத்தில் பாதிக்கு மேலே வைத்துக்கொள்கிறார். ஸ்காபரோவில் இரவு வேலை செய்யும் மூன்று பிள்ளைகளின் தகப்பன் பாதிகூட வைத்துக்கொள்வதில்லை.

சம்பளம் கூடியதால் மொத்தத்தில் வருமானம் குறைந்துவிடும் என்பது மட்டும் இல்லை. 475 என்றாலும் வரவுதான். எட்டு மணி நேரம் நின்று உழைக்க அது பெறுமதியா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆர்ஆர்எஸ்பி போட்டால் சைல்ட் பெனிஃபிட் கூடுமா?

கூடும். கணக்காளர்கள் ரீஃபண்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

ஆர்ஆர்எஸ்பியில் போடும் தொகை 23600இல் உள்ள நிகர வருமானத்தைக் குறைக்கும். குடும்ப நிகர வருமானம் 75,000, இரண்டு பிள்ளைகள், 45,000 உழைப்பவர் 5,000 டொலர் போடுகிறார் என்று வைப்போம். ரீஃபண்ட் 19.55 வீதம், சுமார் 975. அடுத்த ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் சைல்ட் பெனிஃபிட் 675 கூடும். 5,000 போட்டு 1,650 திரும்பி வருகிறது. அதே வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் பெனிஃபிட் 950, ஒன்ராறியோவின் பங்கு 400, ரீஃபண்டுடன் சேர்த்து 2,300க்கு மேல். கிட்டத்தட்டப் பாதி.

அதனால் பிள்ளைகள் சின்னவர்களாகவும் வருமானம் 37,000க்கும் 81,000க்கும் இடையிலும் இருக்கும் வருடங்கள்தான் ஆர்ஆர்எஸ்பிக்கு நல்ல வருடங்கள். "வருமானம் குறைவு, இப்போது எதற்கு ஆர்ஆர்எஸ்பி" என்று சொல்வது தனி ஆளுக்குச் சரி, இந்தக் குடும்பத்துக்குச் சரியில்லை.

இரண்டு எச்சரிக்கை. கடன் அட்டையில் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அடையுங்கள். அடுத்தது, பிள்ளைகளுக்கு 18 வயதாகும் முன்னர் ஆர்ஆர்எஸ்பியை உடைத்தால் எடுத்த தொகை வருமானமாகக் கூடும். முன்பு கூடிய பெனிஃபிட் இப்போது குறையும். முதல் வீடு வாங்க ஹோம் பையர்ஸ் பிளானில் எடுப்பது வருமானமாகக் கூடாது. ஆளுக்கு 60,000 வரை எடுக்கலாம், பதினைந்து வருடத்தில் திருப்பிப் போட வேண்டும்.

வருடம் முடிந்த பிறகும் முதல் 60 நாளுக்குள் போட்டால் முந்தைய வருடக் கணக்கில் சேர்க்கலாம். பெப்ரவரியில் ரி4 (வேலையிடம் தரும் வருடச் சம்பளச் சீட்டு) கைக்கு வந்ததும் கணக்குப் பார்த்துவிட்டுப் போட அவகாசம் இருக்கிறது.

ஆர்ஈஎஸ்பி (பிள்ளைகளின் படிப்புக்கான சேமிப்பு), ரிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) போட்டால்?

இரண்டும் நிகர வருமானத்தைக் குறைக்காது. ரிஎஃப்எஸ்ஏயில் வரும் வட்டியும் லாபமும் வருமானமாகக் கூடுவதும் இல்லை. ஆர்ஈஎஸ்பிக்கு வேறு நன்மை உண்டு: வருடம் 2,500 போட்டால் அரசு 500 போடும், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை. முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கான எஃப்எச்எஸ்ஏ மட்டும் ஆர்ஆர்எஸ்பியைப் போல நிகர வருமானத்தைக் குறைக்கும்.

பிள்ளையை அம்மம்மா பார்க்கிறார். அவருக்குக் கொடுக்கும் காசைக் கழிக்கலாமா?

கழிக்கலாம், ஆனால் உண்மையாகவே கொடுத்திருக்க வேண்டும். அம்மம்மா தன் சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்துடன் ரசீது தர வேண்டும், அதைத் தன் ரிட்டர்னில் வருமானமாகக் காட்டவும் வேண்டும். அவருக்கு ஓய்வூதிய உதவித்தொகை வந்துகொண்டிருந்தால் அது குறையுமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இங்கே 600 டொலர் மிச்சம் பிடிக்கப் போய் அங்கே அதைவிட அதிகம் இழப்பது நடக்கக் கூடியது.

பொதுவாக, ஏழு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைக்கு 8,000 டொலர் வரை, 7 முதல் 16 வரை 5,000 வரை கழிக்கலாம். பெரும்பாலும் குறைந்த வருமானம் உள்ளவர்தான் கழிக்க வேண்டும். பிள்ளையின் பெற்றோருக்குக் கொடுத்ததைக் கழிக்க முடியாது. இதுவும் நிகர வருமானத்தைக் குறைப்பதால் பெனிஃபிட்டும் கூடும்.

மகப்பேற்று விடுப்பில் இருக்கிறேன். ஈஐ காசுக்கு வரி உண்டா?

உண்டு. 2025இல் கிழமைக்கு ஆகக் கூடியது 695 டொலர், சம்பளத்தின் 55 வீதம். அதில் சிபிபி, ஈஐ வெட்டு இல்லை. வரி வெட்டுவார்கள், ஆனால் பல வேளை போதிய அளவு வெட்டுவதில்லை. வருடத்தின் முதல் பாதியில் வேலை, மறு பாதியில் ஈஐ என்றால் ஏப்ரலில் கட்ட வேண்டி வரலாம், கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு பக்கம், வருமானம் இறங்கிய அந்த வருடத்தின் ரிட்டர்னை வைத்து அடுத்த ஜூலையிலிருந்து பெனிஃபிட் ஏறும். அநேகமாக நீங்கள் வேலைக்குத் திரும்பிய நேரமாக இருக்கும். அதை நம்பித் தவணையில் புதிய வாகனம் எடுத்துவிடாதீர்கள். அதற்கடுத்த ஜூலையில் இறங்கிவிடும்.

இரண்டு இடத்தில் வேலை செய்கிறேன். ஏன் ஒவ்வொரு வருடமும் வரி கட்ட வேண்டி வருகிறது?

ரிடி1 படிவத்தில் (வரிக் கழிவுகளைக் கேட்டு வேலையிடத்தில் கொடுப்பது) இரண்டு வேலையிடத்திலும் அடிப்படைக் கழிவைக் கேட்டிருப்பீர்கள். அது ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான். இரண்டாவது வேலையிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளி என்று அடையாளமிட்டுப் பூச்சியம் போடுங்கள். பே செக் சின்னதாகும், ஏப்ரல் நிம்மதியாகும்.

கையில் காசாக வாங்கினால் வருமானம் குறைவாகத் தெரியும், பெனிஃபிட் கூட வருமே?

வரும், பிடிபடும் வரை. பிறகு பல வருடப் பெனிஃபிட்டை வட்டியுடன் திருப்பிக் கேட்பார்கள். கட்ட வழியில்லை என்றால் இனி வரும் பெனிஃபிட்டிலும் ரீஃபண்டிலும் கழித்துக்கொள்வார்கள். அதுவரையிலும் சிபிபி சேராது, வேலை போனால் ஈஐ இல்லை, விபத்து நடந்தால் அந்த வேலையில் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. வீடு வாங்கப் போகும் நாளில் மோர்ட்கேஜ் தருபவர் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட்டைத்தான் (ரிட்டர்னைப் பார்த்தபின் சிஆர்ஏ அனுப்பும் கடிதம்) கேட்பார். அதில் 18,000 என்று இருக்கும்.

ஊபர் ஓடுபவர்களுக்கு: செலவு கழித்த பின் வரும் நிகர லாபம்தான் குடும்ப வருமானத்தில் சேரும். சிபிபியில் இரண்டு பங்கையும், 11.9 வீதம், நீங்களே கட்ட வேண்டும். எச்எஸ்டிக்கும் (விற்பனை வரி) முதல் நாளிலிருந்தே பதிய வேண்டும், பயணிகளை ஏற்றுபவர்களுக்கு 30,000 டொலர் விலக்குக் கிடையாது.

புதிதாக வந்திருக்கிறோம். எப்போது விண்ணப்பிக்கலாம்? கணவர் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான்.

நிரந்தர வதிவுடன் வந்தால் வந்த உடனேயே. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டும் போதாது, ஏற்றுக்கொள்ளப்பட்டதும் தகுதி வரும். வேலை அல்லது படிப்பு அனுமதியில் இருப்பவர்கள் பதினெட்டு மாதம் இங்கே வாழ்ந்து, பத்தொன்பதாவது மாதத்திலும் செல்லுபடியான அனுமதி வைத்திருக்க வேண்டும்.

சைல்ட் பெனிஃபிட்டுக்கான ஆர்சி66 விண்ணப்பப் படிவத்துடன் புதிதாக வந்தோருக்கான இணைப்பும் நிரப்ப வேண்டும். வருவதற்கு முன்பு ஊரில் உழைத்ததையும் கனடா டொலரில் மாற்றி எழுத வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் கணவரின் வருமானமும் குடும்ப வருமானம்தான். அவர் இங்கே வரி கட்டாவிட்டாலும் சொல்ல வேண்டும். ரூபாயில் பெரிதாகத் தெரிவது டொலரில் சிறிதாகிவிடும், மறைப்பதால் லாபம் எதுவும் இல்லை.

பிரிந்து வாழ்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

தொடர்ந்து 90 நாள் பிரிந்திருந்தால் அடுத்த மாத முடிவுக்குள் சிஆர்ஏக்கு அறிவியுங்கள். அதன் பிறகு உங்கள் ஒருவருடைய வருமானத்தை வைத்தே கணக்குப் போடுவார்கள், பெனிஃபிட் பெரும்பாலும் கூடும். பிள்ளைகள் இருவரிடமும் ஏறக்குறைய சரிபாதி காலம் இருந்தால் ஆளுக்குப் பாதி. பிள்ளைக்கென்று முன்னாள் துணை தரும் பராமரிப்புப் பணம் வருமானத்தில் சேராது. உங்களுக்கென்று தருவது சேரும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிந்ததாகப் பதிவதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், பாடசாலைக் கடிதம், பேங்க் முகவரி எல்லாம் கேட்டுக் கடிதம் வரும். வேண்டாம்.

வருமானமே இல்லை. ரிட்டர்ன் போட வேண்டுமா?

கட்டாயம் போட வேண்டும், கணவனும் மனைவியும். ஒருவர் போடாவிட்டாலும் ஜூலையில் வைப்பு நின்றுவிடும். ஏப்ரல் 30 கடைசி நாள். பிந்திப் போட்டால் நின்றது பிறகு சேர்ந்து வரும், ஆனால் வாடகை அதுவரை காத்திருக்காது. விண்ணப்பிக்காமலே விட்ட பழைய வருடங்களுக்கும் பத்து வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம்.

எதுவும் மாறவில்லை, ஆனால் இந்த மாதம் 100 டொலர் குறைந்திருக்கிறது. ஏன்?

பிள்ளைக்கு ஆறு வயது ஆகியிருக்கும். பிறந்தநாள் மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து 6 முதல் 17க்கான தொகைதான், முழுப் பெனிஃபிட்டில் மாதம் 104 டொலர் வித்தியாசம். ஜூலையில் மாறியிருந்தால் போன வருட வருமானம் காரணம். சிஆர்ஏ அனுப்பிய கடிதத்தில் எந்த வருமானத்தை எடுத்தார்கள் என்று இருக்கும், அதை உங்கள் இருவரின் 23600 தொகைகளோடு ஒத்துப் பாருங்கள். மூத்த பிள்ளைக்கு 18 ஆனாலும் அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பிள்ளையின் பங்கு நிற்கும், அறிவித்தல் எதுவும் நீங்கள் கொடுக்கத் தேவையில்லை.